முட்டை நின்ற கோழியும் சீக்கு வந்த கோழியும்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தென்மாவட்டக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்த காலம் முழுக்க, கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இரண்டே கட்சிதான். ஒரு கட்சி, "டாக்டரம்மா, நல்லா முட்டை வச்சுக்கிட்டிருந்த கோழி, பொசுக்குன்னு நிறுத்திருச்சு. ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று வரும். இன்னொரு கட்சி, "நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தாம்மா மேஞ்சுச்சு. காலையில பஞ்சாரத்தைத் தூக்குனா செத்துக் கெடக்கு" என்று வரும். முதல் கட்சியின் கோழிக்குப் பெரும்பாலும் ஒரு நோயும் இருக்காது. இரண்டாம் கட்சியின் கோழி நேற்றுச் சாயந்தரம் நன்றாக இருந்திருக்கவே இருக்காது. இரண்டு மூன்று நாளாக அது தன் பாஷையில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். முட்டையை எண்ணுகிற நாம் கோழியைப் பார்ப்பதில்லை. என் புகார் அவ்வளவுதான். இனி விவரம்.

முட்டை எப்படி உருவாகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும். அங்கிருந்து ஒரு மஞ்சள்கரு கழன்று, கருக்குழாயில் விழுந்து, வெள்ளைக்கரு சூழ்ந்து, சவ்வு போர்த்தி, கடைசியில் ஓடு கட்டி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் ஓடு கட்டுவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 20 மணி நேரம் போய்விடும். ஆகவே எந்த ராசியான கோழியும் ஒரு நாளைக்கு ஒரு முட்டைக்கு மேல் வைக்காது. தினமும் வைப்பதும் முடியாது. நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், பிற்பகல் வந்ததும் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளும். ஒரு ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். கோழியின் உடம்பு முழுவதிலும் இருப்பதே சுமார் 20 கிராம்தான். தீனியில் கிடைக்காத நாளில் எலும்பிலிருந்து எடுத்துத்தான் ஓடு கட்டுகிறது. அடுக்களைப் பானையில் போட்டு வைத்த சிறுவாட்டுக் காசை எடுத்துக் குடும்பம் நடத்துவது மாதிரி. இவ்வளவு செலவு பிடிக்கிற காரியத்தை, உடம்பில் சின்ன நெருக்கடி வந்தாலும் கோழி நிறுத்தி வைத்துவிடும். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரிந்த முதல் வழி அது.

நம் நாட்டுக்கோழிக்கு ஒரு கணக்கு உண்டு. பிறந்து ஆறேழு மாதத்தில் வெடக்கோழி கொண்டை சிவந்து, கேறிக்கொண்டே மூலை மூலையாக இடம் தேடும். ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைக்கும். பிறகு அடை உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் போல மேயும். குஞ்சைக் கொத்தி விரட்டிய பிறகு, கொஞ்ச நாளில் மறுபடி கேறும். வருடத்துக்கு இப்படி மூன்று நான்கு ஈடு. நாமக்கல் பண்ணைக் கூண்டில் நிற்கும் வெள்ளை லெகார்ன் வருடத்தில் 300 முட்டையைத் தாண்டுகிறதே, நம்ம கோழி என்ன சோம்பேறியா என்று கேட்பார்கள். லெகார்னிடமிருந்து அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டார்கள். அது முட்டை வைக்கும், தாயாகாது. நாட்டுக்கோழி தாயாகும், அதனால் நிறுத்தும். "கோழி முட்டையை நிறுத்திருச்சு" என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பகுதி அடைக்கோழிகள்தான். முட்டையை அன்றாடம் எடுத்துவிடுகிற வீட்டில் வெறும் வைக்கோல் மேல்கூட உட்கார்ந்து கிடக்கும். கிட்டே போனால் உடம்பைப் பந்தாகச் சிலிர்த்துக்கொண்டு 'க்ர்ர்' என்று சீறும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து வந்து, அவசரமாகத் தின்று, ஒரு பெரிய நாற்றமடிக்கும் எச்சத்தைப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். அந்த எச்சத்தைப் பார்த்துக் கழிச்சல் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். நாள் முழுக்க அடக்கி வைத்ததன் கணக்கு அது.

குஞ்சு வேண்டாம், அடையைத் தெளிய வைக்க வேண்டும் என்றால், அடிப்பக்கம் கம்பிவலை உள்ள கூண்டில் தரைக்கு மேலே தூக்கி வைத்து, தண்ணீரும் தீனியும் கொடுத்து, வெளிச்சமான இடத்தில் மூன்று நாலு நாள் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப்பட்டுச் சூடு தணிந்தால் தானே தெளியும். சில ஊர்களில் மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடுகிறார்கள். தண்ணீர் வாளியில் முக்கி எடுப்பவர்களும் உண்டு. மூக்கில் இறகு செருகிய கோழியால் ஒழுங்காக மூச்சுவிட முடியாது. புண்ணாகிச் சீழ் பிடித்து வந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். தாயாகப் பார்த்த குற்றத்துக்கு அது அதிக தண்டனை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்தது இறகு உதிர்ப்பு. வருடத்துக்கு ஒரு தடவை கோழி பழைய இறகைக் களைந்து புதிது போட்டுக்கொள்ளும். தலை, கழுத்து, உடம்பு, இறக்கை, வால் என்ற வரிசையில் போகும். இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். அதற்கும் முட்டைக்கும் ஒரே நேரத்தில் புரதம் கொடுக்கக் கட்டுப்படியாகாது, எனவே இரண்டு மூன்று மாதம் முட்டை இருக்காது. பார்க்க அவலட்சணமாக, சொறி பிடித்தது போல இருக்கும். ஆனால் நன்றாகத் தின்னும், மேயும், கண் தெளிவாக இருக்கும். இறகு உதிர்ந்த இடத்தில் குச்சி குச்சியாகப் புது முளை தெரிகிறதா என்று பாருங்கள். முளை இருந்தால் உதிர்ப்பு. முளை இல்லாமல் தோல் சிவந்து கிடந்தால் பேனோ, மற்றக் கோழி கொத்துவதோ, சேவல் ஏறி ஏறித் தேய்ந்ததோ, மூன்றில் ஒன்று.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியக் கோழிப் புத்தகங்களைப் படித்துவிட்டு, "குளிர்காலத்தில் பகல் குறைவதால் முட்டை நிற்கிறது, கூண்டில் பல்பு போடலாமா" என்று கேட்கும் இளைஞர்கள் இப்போது நிறைய. லண்டனில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது, ஜூனில் பதினாறரை மணி நேரம். அங்கே அது பெரிய விஷயம். மதுரையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். பண்ணைக்காரர்கள் 16 மணி நேர வெளிச்சம் கொடுப்பது வேறு கணக்கு. வீட்டில் பத்துக் கோழி வைத்திருப்பவர் பல்பைத் தேடுவதற்கு முன் காலையில் ஏழரை மணிக்குத் திறக்கிற பஞ்சாரத்தை ஆறு மணிக்குத் திறந்தாலே போதும்.

வயதும் ஒரு காரணம். முதல் வருடத்து முட்டை இரண்டாம் வருடம் இருக்காது, மூன்றாம் வருடம் இன்னும் குறையும். ஐந்து வயதுக் கோழிக்கு டானிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் விவாதம் செய்வதில்லை. கோழிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன், கோழி உண்மையிலேயே நிறுத்திவிட்டதா என்பதே பல நேரம் சந்தேகம். முட்டை வைக்கும் இடத்தில் எறும்பு மொய்த்தாலோ, நாய் படுத்தாலோ, நீங்கள் ஒரு முட்டைகூட மிச்சம் விடாமல் எடுத்தாலோ, கோழி இடம் மாற்றிவிடும். வைக்கோல்போரின் அடி, வேலிப்புதர், மாட்டுக் கொட்டகையின் பரண், சமயத்தில் அடுத்த வீட்டு விறகுக் கட்டு. அடுத்த வீட்டுக்காரர் சொல்லுவார் என்று எதிர்பார்ப்பது உங்கள் ஊர் வழக்கத்தைப் பொறுத்தது. காலையில் திறந்துவிட்டதும் கொண்டை சிவந்த கோழி எந்தப் பக்கம் தனியாகப் போகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். கீரி, எலி, சாரைப்பாம்பு, காக்கை எல்லாம் முட்டைக்குப் பங்காளிகள். கோழியே முட்டையைக் கொத்திக் குடிப்பதும் உண்டு. கூட்டில் ஈரமும், அலகில் காய்ந்த மஞ்சள்கருவும் இருந்தால் திருடர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பழக்கமாகிவிட்டால் மாற்றுவது கஷ்டம். முட்டையை உடனுக்குடன் எடுத்து, ஓடு உறுதிப்பட கிளிஞ்சல் தூள் கொடுத்தால் ஆரம்பத்திலேயே தடுக்கலாம்.

தீனிக்கு வருவோம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நாம் கவனிக்காமலேயே எல்லாம் மாறிவிட்டது. நம் பாட்டிமார் கோழிக்குத் தீனி என்று எதையும் பெரிதாகப் போட்டதில்லை. காலையில் ஒரு கை குருணை, அவ்வளவுதான். பிறகு அந்தக் கோழி எப்படி முட்டை வைத்தது? எருக்குழியில் புழு இருந்தது. களத்தில் சிந்திய கம்பும் சோளமும் இருந்தன. மாட்டுத் தொழுவத்தில் வண்டு இருந்தது, வேலியோரம் கரையான் இருந்தது, கொல்லையில் கீரை இருந்தது. குப்பையைக் கிளறிய கோழிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிலேயே கிடைத்தன. இன்றைக்குக் கொல்லை சிமெண்ட் தரை. மாடு இல்லை, அதனால் எரு இல்லை, அதனால் புழு இல்லை. அறுவடையை இயந்திரம் வயலிலேயே முடித்துவிடுகிறது, களம் இல்லை. கோழிக்கு மிஞ்சியது ரேஷன் அரிசியும் மிச்சச் சோறும். இரண்டும் மாவுச்சத்து. தின்ற கோழி கனமாகும், அடிவயிற்றில் மஞ்சள் கொழுப்பு கட்டும், முட்டை வராது. "நல்லா கொழுகொழுன்னு இருக்கு, ஆனா வைக்க மாட்டேங்குது" என்று சொல்லும்போதே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

செலவில்லாமல் சரி செய்யலாம். பழைய மண்பானையில் ஈரச் சாக்கும் காய்ந்த சாணமும் ஓலையும் திணித்து, கரையான் நடமாட்டம் இருக்கும் இடத்தில் சாயந்தரம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் பானையைத் தட்டினால் குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. தொட்டி வைக்க இடமிருந்தால் அசோலா வளர்க்கலாம். கருவாட்டுத் தலையைக் காயவைத்து இடித்துப் போடலாம், ஆனால் உப்புக் கருவாடானால் நன்றாகக் கழுவிவிட்டு. முட்டை ஓட்டைச் சுட்டோ வறுத்தோ பொடியாக்கிக் கொடுக்கலாம். ஓடு வடிவத்திலேயே போட்டால் முட்டை குடிக்கக் கற்றுக்கொடுத்தது போலாகும். முடிந்தவர்கள், முட்டை வைக்கும் கோழிக்கு மட்டும் கடையில் விற்கும் லேயர் தீவனம் பாதியும் தானியம் பாதியுமாகக் கலந்து கொடுங்கள். குஞ்சுக்கு லேயர் தீவனம் வேண்டாம், அதில் உள்ள கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. விதைக்கு வாங்கிய மக்காச்சோளம் மிஞ்சிவிட்டது என்று கோழிக்குப் போடாதீர்கள். இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தப் பூச்சு பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோதான்.

கத்திரி வெயிலில் முட்டை குறைவதும் ஓடு மெலிவதும் நோயல்ல. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது இரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டத் தேவையான பொருள் கிடைக்காமல் போகிறது. தோல்முட்டை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நிழலில் மண்பானைத் தண்ணீர், தீனி அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும். அது போதும்.

இப்போது மேசைக்குக் கொஞ்சம் நெருங்கி வாருங்கள். கூடையில் இரண்டு பெட்டைகள் இருக்கின்றன. கூட்டத்துக்காக ஒரு அக்கா கொடுத்து உதவியிருக்கிறார். கோழியைப் பிடிக்கும்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். இப்படி, இடது உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, இரண்டு காலையும் விரலிடுக்கில் பிடித்து, தலை உங்கள் கக்கத்துப் பக்கம் போகும்படி வையுங்கள். சத்தமே போடாது. இந்தச் செவலைக் கோழியின் கொண்டையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, மெழுகு போல வழவழப்பாக இருக்கிறதா? இனி வால் பக்கம். இறகை விலக்கினால் எச்சமும் முட்டையும் வரும் வாய் தெரிகிறது. அகலமாக, ஈரமாக, வெளிறி இருக்கிறது. அதற்கு இரு பக்கமும் கூர்மையான எலும்பு முனை இரண்டு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே என் மூன்று விரல் தாராளமாக நுழைகிறது. அடிவயிறு மெத்தென்று இருக்கிறது. இந்தக் கோழி முட்டை வைத்துக்கொண்டிருக்கிறது, நாளைக்கும் வைக்கும். இனி கறுப்பு. கொண்டை சுருங்கி, தூசி படிந்தது போல வெளிறியிருக்கிறது. வாய் சிறுத்து, வட்டமாக, காய்ந்து, சுருக்குப்பை இழுத்தது போல மூடியிருக்கிறது. எலும்பு முனைகளுக்கு நடுவே ஒரு விரல்தான் போகிறது. இது வைத்து நாளாயிற்று. ஆனால் நெஞ்செலும்பின் இருபுறமும் சதை நிறைந்திருக்கிறது, கண் பளிச்சென்று இருக்கிறது, இரைப்பை நிறைய இரை இருக்கிறது. ஆக இது நோயாளி இல்லை, ஓய்வில் இருக்கிறது. கழுத்தில் புது இறகு முளை பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கிறது. பத்துக் கோழியில் எது வைக்கிறது, எது சும்மா தின்கிறது என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம், மூன்று விரல் போதும்.

சரி, சீக்கு வந்த கோழியை எப்படித் தெரிந்துகொள்வது? கோழி நோயை மறைக்கும். காட்டில் இருந்த இனம். துவண்டு தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும், கூட்டத்துக் கோழிகளும் அதைத்தான் கொத்தும். அதனால் ஆள் கிட்டே போனதும் நோய்க்கோழிகூட ஒரு நிமிடம் கழுத்தை நிமிர்த்தி நன்றாக இருப்பது போல நடிக்கும். நீங்கள் பார்ப்பது அதற்குத் தெரியாமல், கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு நேரம் உண்டு: காலையில் திறந்துவிடும் நேரம், மாலையில் கோழி அடையும் நேரம்.

காலையில் கதவைத் திறந்ததும் எல்லாக் கோழியும் முட்டி மோதி வெளியே வரும். கடைசியாக வருகிற கோழியைப் பாருங்கள். தினமும் கடைசியாக வரும் சாதுவான கோழி ஒன்று இருக்கும், அது வேறு. நேற்று முதலில் வந்தது இன்று கடைசியாக வந்தால் அதுதான் செய்தி. தீனியை வீசியதும் ஓடி வராமல் நிற்கிறதா, கொத்துவது போலக் கொத்திக் கீழே போடுகிறதா, இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளுக்கு இழுத்து, கண்ணை மூடி மூடித் திறக்கிறதா? இதைத்தான் நம் ஆட்கள் "கோழி தூங்குது" என்பார்கள். பகலில் தூங்குகிற கோழி தூங்கவில்லை, நோயில் இருக்கிறது. வால் தாழ்ந்திருந்தாலும், இறக்கை தொங்கினாலும் அதே பொருள். உடனே பிடித்துத் தனியாகப் போடுங்கள். என்ன நோய் என்று யோசிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மாலையில் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். கழுத்தடியில், நெஞ்சுக்கு வலப்பக்கமாகப் புடைத்திருக்கும் பை அது. அடையும் நேரத்தில் நிறைந்திருக்க வேண்டும், விடியும்போது காலியாக இருக்க வேண்டும். மாலையில் காலி என்றால் கோழி தின்னவில்லை. விடியும்போதும் நிறைந்து கல் போல இருந்தால் உள்ளே அடைத்திருக்கிறது. நூலும், பாலிதீன் பையும், நீளமான நாரும் இரைப்பையில் சுருண்டு கிடந்ததை அறுத்து எடுத்திருக்கிறேன். களி போலத் தளதளத்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே நொதித்திருக்கிறது.

எச்சத்தைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். கோழி ஆஸ்பத்திரியின் பாதி லேப் அதுதான். நல்ல எச்சம் பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ கெட்டியாக இருக்கும், மேலே வெள்ளைத் தொப்பி போட்டிருக்கும். அந்த வெள்ளை கோழியின் சிறுநீர். எட்டு பத்துத் தடவைக்கு ஒரு தடவை, கூழ் போல, பசையாக, கடும் நாற்றத்தோடு ஒன்று விழும். அது குடல்வாலில் இருந்து வருவது, இயல்பானதுதான். அதைப் பார்த்துவிட்டு மருந்துக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டியவை வேறு. மூன்று வாரம் முதல் ஆறேழு வாரக் குஞ்சுகளில் இரத்தம் கலந்த கழிச்சல் வந்தால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல் என்னும் காக்சிடியோசிஸ். ஈரத் தரைதான் அதன் தாய்வீடு. உடனே மருத்துவரிடம் போனால் பிழைக்கும். தண்ணீராகப் பச்சையும் வெள்ளையுமாகப் பீச்சினால் நிலைமை தீவிரம்.

ஒரு காரியத்தை மட்டும் இருட்டில் செய்ய வேண்டும். கொண்டை நாளுக்கு நாள் வெளிறுகிறது, கோழி இளைக்கிறது, பகலில் உடம்பைத் துழாவினால் ஒன்றும் இல்லை என்றால், இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு கூண்டுக்குப் போங்கள். மரச்சட்டத்தின் விரிசல், மூங்கில் கணுவின் பொந்து, சுவரின் வெடிப்பு, இவற்றில் தட்டையான பழுப்பு நிற உண்ணிகள் வரிசையாக இறங்குவதைப் பார்க்கலாம். பகலில் ஒளிந்திருந்து, இரவில் இறங்கிவந்து, அரைமணி நேரத்தில் இரத்தம் குடித்துவிட்டுத் திரும்ப ஏறிவிடும். ஒரு நோய்க்கிருமியையும் பரப்பும். கோழிக்கு மருந்து தடவி என்ன பயன், வீட்டுக்கு மருந்து வேண்டும். கூண்டைக் காலி செய்து, விரிசல்களை நெருப்பால் வாட்டி, சுண்ணாம்பு அடித்துப் பூசி அடையுங்கள். கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கறுப்பு எள் அப்பியது போல ஒட்டிக்கொண்டிருக்கும் செள்ளு வேறு. அதற்குத் தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ பஞ்சில் தொட்டுத் தடவி, மூச்சுமுட்டி இறந்த பிறகு மெல்ல எடுக்க வேண்டும். பிய்த்தால் இரத்தம் வரும். கோழி புரளச் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி இருந்தால் பேன் தொல்லை பாதியாகக் குறையும்.

இனி வெள்ளைக்கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அடையாளம் காணப்பட்ட நச்சுயிரி நோய். ஓரிரு ஆண்டில் இமயமலைப் பகுதியின் ராணிக்கேத்திலும் வெளிப்பட்டதால் நம் நாட்டில் ராணிக்கேத் என்று பெயர். முதலில் தும்மல், மூச்சுத் திணறல், வாயைப் பிளந்து இழுப்பது. பிறகு பச்சை வெள்ளைக் கழிச்சல். அதைத் தாண்டிப் பிழைத்தவற்றில் சில கழுத்து முறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி சுற்றும், இறக்கையோ காலோ விழுந்துவிடும். தடுப்பூசி போடாத மந்தையில் பத்துக்கு ஒன்பது போய்விடலாம். இதற்கு மருந்து கிடையாது. சீரகம், மிளகு, கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு, வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் தடுத்ததில்லை. பசி எடுக்கும், வயிறு கொஞ்சம் தாங்கும். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதை ஏற்க முடியாது.

இந்த நோய் ஊருக்குள் வருகிற வழி எனக்கு நன்றாகத் தெரியும், உங்களுக்கும் தெரியும், நாம் பேசிக்கொள்வதில்லை. ஒரு வீட்டில் இரண்டு கோழி சாகிறது. மிச்சம் இருப்பவற்றைச் சாவதற்குள் காசாக்கிவிட வேண்டும் என்று வாரச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். சந்தையில் மலிவாகக் கிடைத்ததே என்று நாலு பேர் வாங்கிப்போகிறார்கள். அன்று இரவே தங்கள் கோழிகளோடு ஒரே பஞ்சாரத்தில் கவிழ்க்கிறார்கள். ஒரு வாரத்தில் நாலு ஊரில் சாவு. விற்றவரைத் திட்டி என்ன, அவருக்கும் அது பள்ளிக்கூடக் கட்டணமாகவோ கரண்ட் பில்லாகவோ இருந்திருக்கும். வாங்குகிறவர் காத்துக்கொள்ளலாம். சந்தையில் வாங்கிய எந்தக் கோழியையும் மூன்று வாரம் தனியாக, முடிந்தால் வீட்டின் மறுபக்கத்தில், வேறு தண்ணீர்க் கிண்ணத்தோடு வையுங்கள். முதலில் உங்கள் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியில் புதுக் கோழியிடம் போங்கள். கையையும் செருப்பையும் கழுவுங்கள்.

தடுப்பூசியின் வரிசை சுலபம். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரத்தில் மறுபடி. எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். நம் மாநிலத்தில் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, கட்டணம் இல்லை. கோடை தொடங்கும் முன் போட்டுக்கொள்ளத்தான் அந்த மாதம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் குருணை வடிவில் வாய்வழித் தடுப்பு மருந்தும் உருவாக்கியிருக்கிறது, மேய்ச்சல் கோழியைப் பிடிக்க முடியாத வீடுகளுக்கு அது தோது. ஊசி போட்ட சில நாள் முட்டை குறையும். அதற்காக என்னைத் திட்டியவர்கள் நிறைய.

அம்மை குளிர்காலத்திலும் கொசு மிகுந்த நாட்களிலும் வரும். கொண்டை, தாடி, கண்ணிமையில் பருக்கள் கறுத்துப் பொருக்கு தட்டும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுங்கள், கண் மூடிப்போன கோழிக்குக் கையால் ஊட்டுங்கள், பெரும்பாலும் தேறும். வாய்க்குள் மஞ்சள் படலம் பிடித்தால் மருத்துவரிடம் போங்கள். முகம் வீங்கி, மூக்கில் நாற்றத்தோடு சளி வடிந்தால் அது பாக்டீரியா தரும் சளி நோய், மருந்து கேட்கும். கோழி பென்குயின் போல நிமிர்ந்து நின்று, வாலை ஆட்டி ஆட்டி முக்கினால் முட்டை அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு வரை கால் மணி நேரம் உட்கார வைத்து, எண்ணெய் தடவி, இருட்டில் தனியாக விடுங்கள். வயிற்றை அமுக்கிப் பிதுக்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் கோழி பிழைக்காது.

மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் கேப்சூலைப் பிரித்துக் குடிதண்ணீரில் கலக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நச்சுயிரி நோய்க்கு அது வேலை செய்யாது. பாக்டீரியா நோய்க்குக்கூட அரைகுறை அளவில் கொடுத்தால் கிருமிக்குப் பயிற்சி கொடுத்ததாகும். அந்த மருந்து முட்டையில் இறங்கும், அந்த முட்டையைச் சாப்பிடப்போவது உங்கள் பேரன்தான். கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிக்கும் பயன்படுத்துவதை 2019இல் மத்திய அரசு தடை செய்தது இந்தக் கவலையால்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தானால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் பல கோழி, முன்னறிகுறி இல்லாமல், கொண்டை நீலம் பாரித்து முகம் வீங்கிச் செத்தால், வெள்ளைக்கழிச்சலா பறவைக் காய்ச்சலா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில்தான் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதலில் உறுதியானது. 2014இல் கேரளத்தின் ஆலப்புழை வாத்துகளில் வந்தது, எல்லை தாண்டினால் நாம்தான். வெறும் கையால் தொடாதீர்கள், அறுத்துச் சமைக்காதீர்கள், கால்வாயில் வீசாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அப்படிச் சந்தேகம் இல்லாத தனிச் சாவு என்றால் முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

புதைப்பதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாமல் இரண்டாவது கோழியும் செத்தால், அதைப் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். செத்த சில மணி நேரத்துக்குள், இரண்டு பாலிதீன் பையில் இறுகக் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து. ஃப்ரீசரில் போட்டு உறைய வைத்துவிட்டால் உள்ளுறுப்பில் ஒன்றும் தெரியாது. இரைப்பைக்கு அடுத்த சுரக்கும் வயிற்றில் இரத்தப் புள்ளிகள் இருக்கின்றனவா, குடலில் புழு உருண்டையா, வயிற்றுக்குள் உடைந்த மஞ்சள்கருவா என்று அறுத்துப் பார்த்த பத்து நிமிடத்தில் பெரும்பாலும் சொல்லிவிடலாம். கூடவே மூன்று விவரம் வேண்டும்: கடைசியாகத் தடுப்பூசி எப்போது, புதுக் கோழி எப்போது வந்தது, தீனி எப்போது மாறியது. இதைச் சொல்லத் தெரிந்தவர் கொண்டுவந்த கோழியை வைத்து மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.